பழைய லைன் வீடுகளை இடித்து ஆயிரம் வீடு கட்டினால் பள்ளி, அங்கன்வாடி, பாவடி, சாவுப் பந்தல் எல்லாம் எங்கே போகும்? (சேலம்)

கிச்சிப்பாளையம்வாசி:

எங்கள் பக்கத்தில் ஒரு பழைய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பையும் அதை ஒட்டிய லைன் வீடுகளையும் சேர்த்து இடித்துவிட்டு எட்டு மாடியில் ஆயிரம் வீடு வரப்போகிறது என்று பேச்சு ஓடுகிறது. அரசாணை எதுவும் கண்ணில் படவில்லை, அளவெடுக்க ஆள் வந்து போனது மட்டும் உண்மை. தெருவில் எல்லாரும் கேட்பது வீடு எத்தனை சதுர அடி, லிஃப்ட் ஓடுமா, கட்டி முடிக்கிற வரை வாடகைக்கு என்ன தருவார்கள் என்பதைத்தான். கேட்க வேண்டியதுதான்.

ஆனால் இப்போது இருப்பதைவிட இரண்டு மடங்கு ஜனம் வந்துவிடும். இருக்கிற அங்கன்வாடி வாடகைக் கட்டடத்தில் நடக்கிறது. மாநகராட்சித் தொடக்கப் பள்ளி ஒன்று, கோயில் திடல் ஒன்று, சாயங்காலம் பெண்கள் உட்கார்ந்து கொலுசு வேலை செய்கிற ஒரு நீளத் திண்ணை. இதெல்லாம் எங்கே போகும் என்று ஓர் அலுவலகத்தில் கேட்டால் "திட்ட அறிக்கையில் வந்திருக்கும்" என்கிறார்கள், அந்த அறிக்கையைப் பார்த்த ஒரு மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆயிரம் வீடு வந்தால் கூடவே என்னென்ன வந்தாக வேண்டும்? எது சட்டப்படி, எது நாம் கேட்டு வாங்க வேண்டியது?

பழைய_வரைவாளர்:

நகர ஊரமைப்பு வேலையில் காலம் தள்ளியவன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரம் வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்று வையுங்கள், நாலாயிரம் பேர். மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு நகர்ப்புறத் திட்டமிடல் வழிகாட்டியில் 5,000 பேருக்கு ஒரு தொடக்கப் பள்ளி, 5,000 பேருக்கு ஒரு சமுதாயக் கூடம், 15,000 பேருக்குப் பெரிய சமுதாய மண்டபமும் நூலகமும், அதே 15,000-க்கு ஒரு டிஸ்பென்சரி, அதாவது சின்ன மருத்துவ நிலையம், என்று போகும். தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் கணக்கில் 50,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். நாலாயிரத்தை இதில் எதில் வைத்துப் பார்த்தாலும் கோட்டுக்குக் கீழேதான் நிற்கும். விதி மீறாமலே ஒன்றும் தராமல் போகலாம். அங்கன்வாடி மட்டும் தப்பிக்கும், அது 400 முதல் 800 பேருக்கு ஒன்று, அதாவது உங்களுக்குக் குறைந்தது ஐந்து.

இதில் ஒளிந்திருக்கும் வேலை என்னவென்றால், பக்கத்து வார்டில் இன்னொரு ஐந்நூறு வீடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தனியார் கட்டும் முந்நூறு வீடு என்று வரும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கோட்டுக்குக் கீழே. மூன்றையும் சேர்த்தால் கோட்டுக்கு மேலே. ஆனால் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு எந்த மேசையிலும் இல்லை. அதனால் உங்கள் முதல் கேள்வி "எங்கள் திட்டத்தில் என்ன தருகிறீர்கள்" என்று இருக்கக் கூடாது. ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் அடுத்த பத்து வருஷத்தில் எத்தனை வீடு வருகிறது, அவ்வளவு பேருக்கும் எங்கே பள்ளி என்று கேளுங்கள். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று நம் மாநிலக் கல்வி உரிமை விதியே சொல்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது திறந்தவெளி. 2019-ன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் மனை 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாகத் தானமாக எழுதிக்கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டிவிட்டும் போகலாம். 10,000 சதுர மீட்டர் என்பது சுமார் இரண்டரை ஏக்கர். மூன்று ஏக்கர் இடத்தை "முதல் கட்டம், இரண்டாம் கட்டம்" என்று இரண்டு மனையாக்கினால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. வரைபடத்தில் கட்டம் பிரித்திருக்கிறார்களா, விலக்கு ஏதும் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இந்தப் பத்து சதவீதம் விளையாடவும் உட்காரவும்தான், அதைக் காட்டிப் பள்ளிக்கும் இடம் கொடுத்துவிட்டோம் என்று ஒரே நிலத்தை இரண்டு தடவை கணக்கில் காட்டுவார்கள், விடாதீர்கள்.

ஐந்துரோடு_அபி:

விளையாட இடம் என்றதும் ஒன்று. பழைய பஸ் ஸ்டாண்டை இடித்து ஈரடுக்காகக் கட்டினபோது தற்காலிக நிலையம் எங்கே போனது? போஸ் மைதானத்துக்கு. நகரத்து நடுவில் காலியாக இருந்த ஒரே பெரிய தரை அது. எங்கே இடித்துக் கட்டினாலும் ஜல்லியும் கம்பியும் கன்டெய்னரும் கடைசியில் ஒரு விளையாட்டு மைதானத்தில்தான் வந்து இறங்கும், பையன்கள் மூன்று வருஷம் ரோட்டில் கிரிக்கெட் ஆடுவார்கள். கட்டுமான காலத்துக்கான இடம் எது என்பதையும் பட்டியலில் சேருங்கள் அண்ணா.

பொன்னம்மாபேட்டை_தறி:

நான் நெசவுக்காரன். வரைவாளர் சார் சொன்ன கணக்கு எல்லாம் சரி, ஆனால் அந்த வழிகாட்டியில் எங்கள் பாவடிக்கு எத்தனை பேருக்கு ஒன்று என்று போட்டிருக்கிறதா?

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பாவு என்பது தறியில் ஏற்றுகிற நெடுக்கு நூல், நீளமான சமாச்சாரம், அதை விரித்துக் கஞ்சி போட்டு, இழை பிரித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுக்க வேண்டும். அதற்கு நேரான, நிழல் உள்ள, வண்டி வராத தரை வேண்டும். அம்மாபேட்டை, குகை, இந்தப் பக்கம் ராசிபுரம், திருச்செங்கோடு வரைக்கும் நெசவு ஊர்களில் பெரியவர்கள் அதற்கென்று பொது நிலம் விட்டு வைத்தார்கள், அதுதான் பாவடி. விடிகாலையில் பாவு, பகலில் பிள்ளைகள் ஆட்டம், ராத்திரி கூட்டம், பஞ்சாயத்து, கல்யாணப் பந்தி. இப்போது நிறைய இடத்தில் அதில் பள்ளிக்கூடம் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, கடையும் இருக்கிறது. வருவாய்ப் பதிவில் அது என்னவாக இருக்கிறது என்பது ஊருக்கு ஊர் வேறு. அளவெடுக்க வருகிறவர் கண்ணுக்கு அது காலி மனை.

தறியும் அப்படித்தான். குழித்தறிக்குத் தரைதான் வேண்டும், மூன்றாவது மாடியில் எங்கே போய்க் குழி தோண்டுவது? மரச்சட்டம் வைத்த தறியை மேலே ஏற்றலாம், ஏற்றினால் நாள் முழுக்க நாடா அடிக்கிற சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் எத்தனை நாள் சும்மா இருப்பார்? 400 சதுர அடி வீட்டில் தறியை வைத்தபின் மனுஷன் எங்கே படுப்பான்? அதனால் நெசவுக் குடும்பம் இருக்கிற இடத்தில் இடித்துக் கட்டினால் தரைத்தளத்தில் பொதுத் தறிக்கூடம் வேண்டும், அதன் வாடகை யார் பேரில், சாவி யார் கையில் என்பது வரைக்கும் முதலிலேயே எழுத வேண்டும். கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் இருக்கிறது. வீட்டு இணைப்பு மாறும்போது அது கூடவே மாறுமா, பொதுக்கூடத்தில் தறி இருந்தால் யார் கணக்கில் வரும் என்பதையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வீடு கொடுத்துப் பிழைப்பைப் பிடுங்குவது என்றால் எனக்கு இந்த ஓட்டுவீடே போதும்.

செவ்வாய்ப்பேட்டை_வெள்ளி:

எல்லாரும் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, எதிர்க்கட்சி மாதிரி ஒன்று சொல்கிறேன். கிச்சிப்பாளையத்தார் இருக்கிற வீட்டின் மேல்தளத்தில் கம்பி தெரிகிறது, மழை வந்தால் சிமெண்டு பெயர்ந்து விழுகிறது. அந்த ஜனத்துக்கு இன்றைக்குத் தேவை தலைக்கு மேல் கூரை. நீங்கள் தறிக்கூடம், மண்டபம், நூலகம் என்று சேர்த்துக்கொண்டே போனால் மதிப்பீடு ஏறும், கோப்பு திரும்பி வரும், இன்னும் ஐந்து வருஷம் போகும். தரைத்தளம் முழுக்கப் பொது உபயோகத்துக்கு விட்டால் அத்தனை வீடு குறையும். யார் வீடு குறையட்டும்? முதலில் வீட்டைக் கட்டட்டும், அப்புறம் மற்றதைப் பார்க்கலாம். இடம் விட்டு வைத்தால் போதாதா?

சூரமங்கலம்_டீச்சர்:

> முதலில் வீட்டைக் கட்டட்டும், அப்புறம் மற்றதைப் பார்க்கலாம். இடம் விட்டு வைத்தால் போதாதா?

இதுதான் ஆபத்தான வாக்கியம் சார். சென்னையில் கண்ணகி நகர் 2000 வாக்கில் தொடங்கியது, 15,656 வீடு. வீடு முன்னால் வந்தது, பள்ளியும் ஆஸ்பத்திரியும் பஸ்ஸும் மெதுவாகப் பின்னால் வந்தன. அந்த இடைவெளியில் படிப்பை விட்ட பிள்ளைகளுக்கு இப்போது கல்யாணமாகிப் பிள்ளைகளும் இருக்கும். பெரும்பாக்கமும் அதே கதையைத்தான் இன்னும் பெரிய அளவில் பார்த்தது. அங்கே குடிசைப்பகுதி ஜனத்தை நகரத்துக்கு வெளியே தூக்கிப் போட்டார்கள், இங்கே அதே இடத்தில் கட்டுகிறார்கள், அதனால் நமக்கு அந்தக் கஷ்டம் வராது என்று நினைக்கலாம். வரும், வேறு ரூபத்தில் வரும்.

எப்படி என்று சொல்கிறேன். இடிக்க ஆரம்பித்ததும் நானூறு ஐந்நூறு குடும்பம் வாடகை வீடு தேடி எருமாபாளையம், சீலநாயக்கன்பட்டி, அயோத்தியாபட்டணம் என்று சிதறும். பிள்ளைகள் அங்கங்கே சேர்ந்துவிடுவார்கள். பழைய இடத்துப் பள்ளியில் எண்ணிக்கை சரியும். அரசுப் பள்ளியில் ஆசிரியர் பணியிடம் ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி எண்ணிக்கையை வைத்துத்தான் நிர்ணயம். எண்ணிக்கை இல்லையென்றால் உபரி என்று சொல்லிப் பணி நிரவலில் ஆசிரியரை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் வருஷம் ஒருவர், அடுத்த வருஷம் இன்னொருவர். மூன்று வருஷம் கழித்து ஆயிரம் குடும்பம் சாவி வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது அந்தப் பள்ளியில் ஈராசிரியர்தான் இருப்பார்கள். மூன்று வீட்டுக்கு ஒரு தொடக்கப் பள்ளிப் பிள்ளை என்று வைத்தால்கூட முந்நூறைத் தாண்டும். கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி 200 பிள்ளைக்கு மேல் போனால் 40 பேருக்கு ஓர் ஆசிரியர், தலைமையாசிரியர் தனி. ஒன்பது பத்துப் பேர் வேண்டிய இடத்தில் இரண்டு பேர். குடியேறுவது நவம்பரில் என்றால் இன்னும் மோசம், அடுத்த ஆகஸ்ட் எண்ணிக்கை வரும்வரை பணியிடம் கேட்டே வாங்க முடியாது. பெற்றோர் அதைப் பார்த்துவிட்டுக் கடன் வாங்கியாவது மெட்ரிக் பள்ளிக்குப் போவார்கள், அதற்கப்புறம் "அரசுப் பள்ளிக்கு ஆள் வரவில்லை" என்று ஒரு புள்ளிவிவரம்.

இதற்குச் செலவே கிடையாது. கட்டுமான காலத்துக்கு அந்தப் பள்ளியின் பணியிடங்களை நிறுத்தி வைக்கிறோம் என்று கல்வித்துறை ஒரு உத்தரவு போட்டால் போதும். ஆனால் வீடு கட்டுகிற துறை கல்வித்துறைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், அங்கேதான் நிற்கும். அங்கன்வாடிக்கும் இதே வியாதி. குடும்பம் சிதறினதும் பதிவேட்டில் பிள்ளை குறையும், மையம் பக்கத்து மையத்தோடு சேர்ந்துவிடும், திரும்ப வாங்க வருஷக்கணக்கில் அலைய வேண்டும்.

தாதகாப்பட்டி_கலா:

டீச்சர் அக்கா சொன்னதோடு நேரத்தையும் சேருங்கள். அங்கன்வாடி இருக்கிறது, நல்லதுதான், என் பையனும் அதில்தான் முட்டை சாப்பிட்டு வளர்ந்தான். ஆனால் அது சாயங்காலத்துக்குள் மூடிவிடும். ஜவுளிக்கடையில் நிற்கிற பெண் ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் வீட்டுக்கு வருவாள். இப்போது அந்தப் பிள்ளையை யார் பார்க்கிறார்கள்? எதிர்வீட்டு ஆயா. கதவு திறந்து கிடக்கிற லைன் வீடு என்பதால் இது நடக்கிறது. ஆயாவுக்கு இரண்டாம் மாடி, எனக்கு ஏழாம் மாடி என்று குலுக்கலில் விழுந்தால் இந்த ஏற்பாடு ஒரே நாளில் முடிந்தது. அப்புறம் நான் வேலையை விட வேண்டும், இல்லை என்றால் ஆறாவது படிக்கிற பெண் பள்ளியை விட வேண்டும்.

அதனால் குலுக்கலைத் தனிப்பட்ட வீடு வீடாகப் போடாமல், பத்துப் பதினைந்து வீடு ஒரு கொத்தாக ஒரே தளத்தில் வருகிற மாதிரி போடச் சொல்லுங்கள். இதற்கும் செங்கல் சிமெண்டு எதுவும் வேண்டாம். அங்கன்வாடியோடு சேர்ந்த பகல் காப்பகத்துக்கு மத்திய அரசின் பால்னா திட்டம் இருக்கிறது, அதைக் குறிப்பிட்டுக் கேட்கலாம்.

ஆஸ்பத்திரியும் அப்படித்தான். ஜி.எச். பக்கத்தில் இருக்கிறது என்பார்கள். ஜலதோஷத்துக்கு ஜி.எச். போனால் ஒரு நாள் கூலி போச்சு. 2023-ல் திறந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 என்று இயங்குகின்றன, அந்த மாலை நேரம்தான் எங்களுக்குப் பிரயோஜனம். அந்த மாதிரி ஒன்று நடக்கிற தூரத்தில் இருந்தால் போதும், பெரிய கட்டடம் கேட்கவில்லை.

வெள்ளி அண்ணனுக்கு: உங்கள் பட்டறை வேலையில் பாதி எங்கள் வீட்டுத் திண்ணையில்தானே நடக்கிறது? அந்தத் திண்ணை போனால் கொலுசுக்குக் கண்ணி யார் கோப்பார்கள்?

செவ்வாய்ப்பேட்டை_வெள்ளி:

கலா, அது நியாயம். பற்றவைக்கிற வேலையை அடுக்குமாடி வீட்டுக்குள் நானே விடமாட்டேன், கேஸ், ஆசிட், புகை எல்லாம் இருக்கிறது. பொது வேலைக்கூடத்தில் புகைபோக்கி வைத்துச் செய்தால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டின் எண்ணிக்கை குறையக் கூடாது என்பதில் நான் மாறவில்லை.

மரவனேரி_டு_லண்டன்:

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு இங்கே நடப்பதைச் சொல்கிறேன், அப்படியே காப்பி அடிக்கச் சொல்லவில்லை.

இங்கிலாந்தில் 1990-ன் நகரத் திட்டமிடல் சட்டத்தில் 106-ஆம் பிரிவு என்று ஒன்று. பெரிய திட்டத்துக்கு அனுமதி வேண்டுமென்றால் கட்டுபவர் உள்ளாட்சியோடு ஒப்பந்தம் போட வேண்டும்: இத்தனையாவது வீட்டில் ஆள் ஏறுவதற்கு முன் பள்ளி திறந்திருக்க வேண்டும், இத்தனைக்கு முன் மருத்துவமனை, இந்த மாதிரி. வீட்டு எண்ணிக்கையோடு கட்டிப்போட்டுவிடுவார்கள். 2010-லிருந்து அதோடு சதுர மீட்டர் கணக்கில் ஒரு தனி வரியும் வந்தது. கிங்ஸ் கிராஸ் என்று 67 ஏக்கர் பழைய ரயில்வே நிலத்தைத் திருத்திக் கட்டினார்கள். அங்கே 2015-ல் ஒரு தொடக்கப் பள்ளி அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளங்களிலேயே திறந்தது, காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியும் அதே கட்டடத்தில். மேலே வீடு, கீழே பள்ளி. வெள்ளி அண்ணன் கேட்ட "வீடு குறையக் கூடாது" என்பதற்கு இது ஒரு பதில். பள்ளிக்குத் தனி ஏக்கர் தேட வேண்டியதில்லை, ஆனால் வாசலும் விளையாட்டு இடமும் தனியாக இருக்க வேண்டும்.

ஓட்டையும் உண்டு. "இதெல்லாம் செய்தால் எங்களுக்குக் கட்டுபடியாகாது" என்று ஒரு கணக்கு அறிக்கை கொடுத்தே கடமையைக் குறைத்துக்கொள்வார்கள். தென் லண்டனில் ஹேகேட் என்ற குடியிருப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசு வாடகை வீடுகளை இடித்தார்கள், பழைய ஆட்களில் திரும்பி வந்தவர்கள் சொற்பம். அந்த இடத்தில் இப்போது இருக்கிற பூங்கா அழகாக இருக்கிறது, சந்தேகமே இல்லை.

நம் ஊரிலும் உள்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம் என்று வாங்குகிறார்கள் இல்லையா, அது எங்கே செலவாகிறது?

பழைய_வரைவாளர்:

லண்டன் தம்பி கேட்டதற்கு: அது பெரிய கட்டடங்களுக்கு 2007 முதல் இருக்கிறது, மாநில அளவிலான நிதியத்துக்குப் போகிறது. கிச்சிப்பாளையத்தில் கட்டின பணம் கிச்சிப்பாளையத்துக்கே வர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. உங்கள் 106-க்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான்.

இன்னொன்று, "முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) பள்ளிக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது" என்று யாராவது சொன்னால் நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, பிரிவு 38. ஒதுக்கிய நிலத்தைக் கையகப்படுத்த மூன்று வருஷத்துக்குள் நடவடிக்கை எடுக்கவில்லை என்றால் அந்த நிலம் விடுபட்டுவிடும், உரிமையாளர் வேறு உபயோகத்துக்குக் கேட்கலாம். வெள்ளி சொன்ன "இடம் விட்டு வைத்தால் போதாதா" என்பதற்கு இது பதில்: விட்டு வைத்த இடம் தானாக நிற்காது.

நாலாவது_மாடி:

நான் ஏற்கெனவே இப்படி ஓர் அடுக்குமாடியில் குடியேறியவள், ஊர் பேர் வேண்டாம். எல்லாரும் பள்ளி, ஆஸ்பத்திரி சொல்லிவிட்டீர்கள். சாவைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

என் மாமியார் நாலாவது மாடியில் இறந்தார். லிஃப்டில் படுக்கவைத்துக் கொண்டுபோக முடியாது, நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டித்தான் மாடிப்படியில் இறக்கினார்கள். ஃப்ரீசர் பெட்டி படி திரும்பும் இடத்தில் திரும்பாது, அதனால் மேலேயும் வைக்க முடியவில்லை. கீழே வைக்கலாம் என்றால் தரைத்தளம் முழுக்க பைக். பந்தல் போட்டால் வண்டி நிறுத்துகிறவரோடு சண்டை, மேளம் அடித்தால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது என்று மேல்வீட்டில் சண்டை, அவர்கள் பக்கமும் நியாயம்தான். உறவுக்காரர்கள் உட்கார இடமில்லாமல் காம்பவுண்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு மண்டபத்துக்குக் கொடுத்த வாடகை நாலு மாசச் சம்பளம்.

லைன் வீட்டில் இருந்தபோது சாவு விழுந்தால் தெருவை மறித்துப் பந்தல் போடுவோம், எதிர்வீட்டில் சமைப்பார்கள், காக்காயன் சுடுகாட்டுக்கு வண்டி கிளம்புகிறவரை தெருவே எங்கள் வீடு. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, ஆடிக்குக் கூழ் ஊற்றுவது எல்லாம் அங்கேதான். நீங்கள் வரைபடத்தில் என்ன பேர் போட்டுக்கொள்வீர்களோ தெரியாது, எனக்கு வேண்டியது ஒரு கூரை போட்ட இடம், நூறு பேர் உட்காரலாம், ஒரு குழாய், ஒரு கழிப்பறை, ஸ்ட்ரெச்சர் நீட்டமாகப் போகிற லிஃப்ட் ஒன்றாவது.

சிங்கை_சேலத்தான்:

அக்கா, இங்கே சிங்கப்பூரில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிகளில் 1970-களிலிருந்து பெரும்பாலான தரைத்தளங்களைத் தூண் மட்டும் விட்டுத் திறந்தே வைத்திருக்கிறார்கள். மலாய்க்காரர் கல்யாணமும் அங்கேதான், சீனர் சாவு வீட்டுப் பந்தலும் அங்கேதான், அனுமதி வாங்கி நாள் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். 2017-ல் அட்மிரல்டி பக்கம் ஒரே கட்டடத்தில் முதியோர் வீடு, குழந்தைக் காப்பகம், மருத்துவ நிலையம், உணவுக் கடைகள் எல்லாவற்றையும் அடுக்கிக் கட்டினார்கள். கலா அக்கா சொன்ன எதிர்வீட்டு ஆயா ஏற்பாட்டைக் கட்டடமாகப் போட்ட மாதிரி இருக்கும். ஆனால் இங்கே தினமும் கூட்டிப் பெருக்க நகர மன்றம் இருக்கிறது, மாசாமாசம் கட்டணம் வாங்குகிறது. சேலத்தில் திறந்த தரைத்தளம் விட்டால் ஒரு மாதத்தில் யாராவது ஷட்டர் போட்டுக் கடை வைத்துவிடுவார்களா மாட்டார்களா, நீங்களே சொல்லுங்கள்.

கிச்சிப்பாளையம்வாசி:

ஷட்டர் கேள்வி நியாயம். பராமரிப்புக்கு வாரியம் 2021-ல் கொண்டுவந்த "நம் குடியிருப்பு நம் பொறுப்பு" திட்டம் இருக்கிறது, குடியிருப்போர் சங்கம் வசூலிக்கிற தொகைக்கு ஈடாக அரசும் போடும். அதில் பொதுக்கூடத்தையும் சேர்த்து, சாவி சங்கத்தின் பெண்கள் குழுவிடம் என்று எழுதிவிடலாமா?

இதுவரை வந்ததை வைத்து மனு ஒன்று எழுதியிருக்கிறேன், சுருக்கமாக: இடிக்கும் முன் தெருவில் நடப்பதையெல்லாம் ஒரு வாரம் நாங்களே காலையிலிருந்து ராத்திரி வரை குறித்துக் கொடுக்கிறோம், அதைத் திட்ட அறிக்கையில் இணைக்க வேண்டும். குகை, அம்மாபேட்டை மாதிரி வண்டி வேடிக்கை (ஆடித் திருவிழாவின் அலங்கார வண்டி ஊர்வலம்) போகிற ஊர் இது, தேரும் வண்டியும் திரும்புகிற அகலத்தையும் அதில் குறிப்போம். கட்டி முடியும்வரை பள்ளியின் பணியிடமும் அங்கன்வாடியும் குறையக் கூடாது. கொத்தாகக் குலுக்கல். தரைத்தளத்தில் வேலைக்கூடம், தறி இருக்கும் பகுதியில் தறிக்கூடம். காரியத்துக்கான கூரை. முதல் இருநூறு வீட்டுக்குச் சாவி கொடுக்கும் முன் அங்கன்வாடிகளும் காப்பகமும் திறந்திருக்க வேண்டும். கடைசியில் "மேற்கண்டவற்றைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று முடித்திருக்கிறேன்.

பழைய_வரைவாளர்:

"ஆவன செய்யுமாறு" வரியை எடுங்கள், அதற்கு "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்ற பதில் தயாராக அச்சடித்தே இருக்கும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே எந்தத் துறை, எந்தத் தேதிக்குள் என்று போடுங்கள். ஒரே மனுவை எல்லாருக்கும் அனுப்பாதீர்கள். பணியிடம் கல்வித்துறைக்கு, அங்கன்வாடி சமூக நலத்துக்கு, நலவாழ்வு மையம் மாநகராட்சி சுகாதாரப் பிரிவுக்கு, குலுக்கலும் தரைத்தளமும் வாரியத்துக்கு, நகல் ஒவ்வொன்றும் ஆட்சியருக்கு. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தால் எண் போட்டுக் கொடுப்பார்கள், அந்த எண்ணை வைத்துத்தான் பின்னால் பேச முடியும்.

"முதல் இருநூறு வீடு" நல்ல யோசனை, ஆனால் "திறந்திருக்க வேண்டும்" என்று மட்டும் போட்டால் ரிப்பன் வெட்டிப் பூட்டிவிடுவார்கள். பணியாளர் நியமன ஆணை, மின் இணைப்பு, தண்ணீர் மூன்றும் என்று எழுதுங்கள்.

கோயில் திடலும் நீளத் திண்ணையும் யார் பேரில் இருக்கிறது என்று முதலில் டவுன் சர்வே பதிவேட்டில் பாருங்கள். மாநகராட்சி நிலமா, புறம்போக்கா, பழைய பட்டாவா என்பதைப் பொறுத்து மனுவின் பாதி மாறும்.

பொன்னம்மாபேட்டை_தறி:

சார், எங்கள் பக்கத்துப் பாவடிக்கும் அந்தப் பதிவேட்டு நகல் வேண்டும். தாலுகா ஆபீஸிலா, மாநகராட்சியிலா, எங்கே கேட்பது?

பழைய_வரைவாளர்:

நகர நில அளவை வட்டாட்சியர் பக்கம். வார்டு, பிளாக், சர்வே எண் மூன்றும் தெரிந்தால் இணையத்திலேயே எடுக்கலாம், தெரியவில்லை என்றால் பக்கத்து வீட்டுச் சொத்துவரி ரசீதோடு போங்கள்.